டென் முடித்த கையோடு டென்-டூ ஆடலாமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இதுதான். ஃபைனல் ஃபேன்டஸி என்ற ஜப்பானிய விளையாட்டுத் தொடரின் பத்தாம் பாகமான டென்னைப் போன வாரம் முடித்தீர்கள், கடைசிக் காட்சியில் அழுதீர்கள். ரீமாஸ்டர் (மெருகேற்றிய மறுவெளியீடு) தொகுப்பில் கூடவே அதன் தொடர்ச்சியான டென்-டூவும் இருந்ததால் அதைத் திறந்தீர்கள். மேடை, பாட்டு, ஆட்டம், நொடிக்கொரு உடை மாற்றம் என்று வரவே அரை மணி நேரத்தில் மூடிவிட்டீர்கள். இது நிஜமான தொடர்ச்சியா, பெயரை வைத்துக் காசு பார்த்த வேலையா என்பது உங்கள் கேள்வி. ஆனால் நீங்கள் எழுதிய கடைசி வரியைப் பார்த்தால் உள்ளே இன்னொரு கேள்வி இருப்பதாகத் தோன்றுகிறது. டென்னின் முடிவில் மறைந்துபோகும் நாயகன் டீடஸ் திரும்பி வந்துவிடுவான் என்றால் நான் அழுததற்கு என்ன அர்த்தம் என்று கேட்கிறீர்கள். இரண்டுக்குமே பதில் சொல்லப் பார்க்கிறேன். டென்னின் முடிவு உங்களுக்குத் தெரியும் என்பதால் அதைத் தாராளமாகப் பேசுவேன். டென்-டூவின் முடிவைச் சொல்ல மாட்டேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. 14 வருடங்களாக விளையாட்டுகளுக்கு மிஷன் (ஆடுபவர் முடிக்க வேண்டிய பணிகள்) வடிவமைக்கும் வேலை செய்கிறேன். பெரும்பாலும் மொபைல் விளையாட்டுகள்தான். டென்-டூவை முதன்முதலில் ஆடியபோது நான் கல்லூரியில் இருந்தேன். உங்களைப் போலவே மேடைக் காட்சியைத் தாண்டவில்லை. வேலைக்கு வந்து நாலைந்து வருடம் கழித்து, ஒரே வரைபடத்தை வைத்து மூன்று ‘சீசன்’ ஓட்ட வேண்டிய கட்டாயம் வந்தபோது, இதை எப்படிச் செய்தார்கள் என்று பார்க்கவே மறுபடி எடுத்தேன். அதன் பிறகு மூன்று முறை முடித்திருக்கிறேன். எனக்கு ஜப்பானிய மொழி தெரியாது. அதனால் வசனத்தின் தொனி பற்றி நான் சொல்வதெல்லாம் ஆங்கிலப் பதிப்பை வைத்துத்தான்.

முதலில் சந்தேகமில்லாத விஷயங்கள். 1987இல் தொடங்கிய இந்தத் தொடரில் ஒவ்வொரு எண்ணும் தனி உலகம். ஆறாவதற்கும் ஏழாவதற்கும் கதையில் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஐந்தாவதன் தொடர்ச்சியாக 1994இல் ஒரு அனிமே வந்தது. ஆனால் ஒரு விளையாட்டுக்கு நேரடித் தொடர்ச்சியாக இன்னொரு விளையாட்டு என்று வந்தது டென்-டூதான் முதல். டென் ஜப்பானில் வெளியானது 2001 ஜூலையில், டென்-டூ 2003 மார்ச்சில். நடுவில் டென்னின் சர்வதேசப் பதிப்போடு ஒரு சிறிய வீடியோவைச் சேர்த்துக் கொடுத்தார்கள். டென்னின் அரக்கனான சின் ஒழிந்த பிறகு, அதை ஒழித்த நாயகி யூனா பெசெய்ட் தீவில் என்ன செய்துகொண்டிருக்கிறாள் என்பதுதான் அதில் கதை. ஊருக்கு ஊர் ஆட்கள் வந்து அவளைப் பார்க்கிறார்கள், கல்யாணப் பேச்சு எடுக்கிறார்கள், அவள் கடலில் மூச்சடக்கிப் பழகுகிறாள். அவளுடைய பழைய பயணத் துணைவன் கிமாரி மலையில் கண்டெடுத்த ஒரு ஒளிப்பதிவுக் கோளத்தைத் தோழி ரிக்கு கொண்டுவருகிறாள். அதில் கூண்டுக்குள் ஒருவன் நிற்கிறான், பார்க்க டீடஸ் மாதிரியே இருக்கிறான். அந்த வீடியோவுக்குக் கிடைத்த வரவேற்பு டென்-டூ பிறந்ததற்கு ஒரு முக்கியக் காரணம். தயாரிப்பாளர் யோஷினோரி கிதாசே, இயக்குநர் மொதோமு தொரியாமா, கதை எழுதியவர்களில் ஒருவர் கஸுஷிகே நோஜிமா. மூன்று பேருமே டென்னிலும் வேலை செய்தவர்கள். ஆகவே வேறு யாரோ வந்து கெடுத்துவிட்டார்கள் என்று சொல்ல வழியில்லை. கெட்டிருந்தால் பெற்றவர்களே கெடுத்ததுதான்.

இசை மட்டும் கை மாறியது. அதுவரை எல்லா முக்கியப் பாகங்களிலும் இருந்த நொபுவோ உஎமாட்சு இதில் இல்லை. நொரிகோ மட்சுஎதாவும் தகாஹிதோ எகுச்சியும் இசையமைத்தார்கள். ஜப்பானியப் பதிப்பில் கோடா குமி பாடினார். நீங்கள் அரை மணி நேரத்தில் மூடியதற்குப் பாதிக் காரணம் இதுவாக இருக்கலாம். டென்னின் அந்தப் பியானோ காதில் இருக்கும்போது பாப் பாட்டு வந்தால் யாருக்கும் திடுக்கென்றுதான் இருக்கும்.

அடுத்து காசு விஷயம். ஆமாம், காசுக்காகவும்தான். 2001இல் ஸ்கொயர் நிறுவனம் எடுத்த முழுநீள அனிமேஷன் படம் பெரிய நஷ்டத்தில் முடிந்தது. டென்-டூ வெளியாகி மூன்று வாரத்துக்குள், 2003 ஏப்ரல் 1 அன்று, ஸ்கொயரும் எனிக்ஸும் ஒரே நிறுவனமாயின. இந்த இரண்டும் நடந்தவை. நஷ்டத்தை ஈடுகட்டத்தான் டென்-டூவை அவசரமாகச் செய்தார்கள் என்று பலர் சொல்வது ஊகம். நாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நம்பத் தோன்றும், அவ்வளவுதான். தயாரிப்புக் குழு டென்னின் குழுவில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான் என்பது தெரிந்த விஷயம். அப்படியானால் ஊர்கள், கோயில்கள், காடுகள் எல்லாவற்றையும் பழைய ஆட்டத்திலிருந்து எடுத்துத்தான் ஆக வேண்டும். எடுத்தார்கள்.

இதைக் குறையாகச் சொல்பவர்களுக்கு என் தொழில் அனுபவத்திலிருந்து ஒரு பதில். ஒரு விளையாட்டில் பணத்தைத் தின்பது பெரும்பாலும் இடங்களும் உருவங்களும் அசைவுகளும்தான். இடங்கள் இலவசமாகக் கையில் இருந்தால் அந்தப் பணத்தை வேறெங்காவது போடலாம். இவர்கள் எங்கே போட்டார்கள் என்று பாருங்கள். போட்டதும் சண்டைத் தொழிலையே மாற்றிவிடும் உடைகளுக்கு இதில் டிரெஸ்ஃபியர் என்று பெயர். பொதுவான டிரெஸ்ஃபியர் 14. நீங்கள் ஆடும் மூன்று பெண்களான யூனா, ரிக்கு, பெயின் மூவருக்கும் ஒவ்வொன்றிலும் தனித்தனி உடை, தனித்தனி நிற்கும் விதம், தனித்தனி வெட்டும் விதம். அதற்கு மேல் ஆளுக்கொரு சிறப்பு வடிவம். மொத்தம் 45 உருவம் வருகிறது. விலங்கோடு சேர்ந்து சண்டை போடும் உடையை எடுத்துக்கொண்டால், யூனாவுக்கு நாய், ரிக்குவுக்குக் குரங்கு, பெயினுக்குப் பறவை. நாங்கள் ஒரு பாத்திரத்துக்கு நான்கு உடை செய்யவே மூன்று மாதம் மூச்சுத்திணறியிருக்கிறோம். சோம்பேறித்தனமாகச் செய்த விளையாட்டு என்று மட்டும் இதைச் சொல்லாதீர்கள்.

பழைய இடங்களை மறுபடி காட்டுவது கதைக்கும் பொருந்திவிட்டது. எனக்கு இந்த ஆட்டம் பிடித்துப்போன இடம் இதுதான். டென்னில் நீங்கள் கதை நடக்கும் உலகமான ஸ்பைராவை ஒரே கோடாக நடந்து கடந்தீர்கள். பெசெய்டில் கிளம்பி ஜனார்க்கண்டில் முடியும் பயணம், முடிவில் சாவு. அந்தக் கோட்டில் நின்று ஊரைப் பார்க்க நேரமே இருக்காது. டென்-டூவில் முதல் அத்தியாயத்திலேயே கையில் ஒரு வான்கப்பல் வந்துவிடும். எந்த ஊருக்கும் எந்த வரிசையிலும் போகலாம். மொத்தம் ஐந்து அத்தியாயம். ஒவ்வொன்றிலும் அதே ஊர்களுக்குத் திரும்பத் திரும்பப் போவீர்கள். போகும்போதெல்லாம் எதாவது ஒன்று மாறியிருக்கும். டென்னில் கூடவே பயணித்த வாக்காவும் லூலுவும் குழந்தைக்குக் காத்திருப்பார்கள். கிலிக்காவில் பழைய மதத்திலிருந்து கிளைத்த புதிய யெவன் கட்சியும் அதை எதிர்க்கும் இளைஞர் அணியும் ஊரை இரண்டாக்கியிருக்கும். ஜோஸ் கோயில் எந்திரக் கட்சியின் பட்டறை ஆகியிருக்கும். டென்னில் குவாடோ இனத் தலைவன் சேமோர், கிமாரியின் ரொன்சோ இனத்தவரைக் கொன்று குவித்தானே, அந்தப் பகை இங்கே முடியவில்லை. ககசெட் மலையில் இளம் ரொன்சோக்கள் குவாடோ இனத்தைப் பழிவாங்கத் துடிக்கிறார்கள்; மூப்பனாகிவிட்ட கிமாரிக்கு அவர்களைக் கட்டிவைக்கத் தெரியவில்லை. ஆயிரம் வருடம் ஊரையே ஒடுக்கிவைத்திருந்த அரக்கன் போய்விட்டான், இனி என்ன செய்வது? இந்தத் தொடரின் மற்ற ஆட்டங்கள் அரக்கன் செத்ததும் பெயர்ப்பட்டியல் ஓட்டிவிடும். இது அதற்கு இரண்டு வருடம் கழித்துத்தான் தொடங்குகிறது.

ஒரு இடத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்க் காட்டுகிறேன். டென்னின் முதல் காட்சி நினைவிருக்கிறதா? ஜனார்க்கண்ட் இடிபாடு, அணையப்போகிற நெருப்பு, தரையில் குத்தி வைத்த ஆயுதங்கள், யாரும் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். யூனாவைப் போன்ற அழைப்பாளர்கள் (ராட்சத உயிர்களை வரவழைத்துச் சின்னோடு போரிடுபவர்கள்) உயிரைக் கொடுக்க வந்து சேரும் புனித இடம் அது. டென்-டூவில் அங்கே போனால் அது சுற்றுலாத் தலம். ரிக்குவின் அப்பா சித் ஆட்களை ஏற்றி வந்து இறக்குகிறார். வழிகாட்டியாக நின்று கதை சொல்பவன் இசாரு. டென்னில் பெவெல்லின் நிலவறையில் யூனாவோடு மோத வைக்கப்பட்டானே, அதே இசாரு. அழைப்பாளனாக வாழ்க்கையைத் தொடங்கியவனுக்கு இப்போது வேலையில்லை, அதனால் கைடு. யூனா அதைப் பார்த்துக் கத்துவதில்லை, பெரிய வசனம் பேசுவதில்லை. அவள் முகம் மட்டும் சுருங்கும். அப்புறம் மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு மிஷன் வருகிறது. இடிபாட்டில் அங்கங்கே குரங்குகள் உட்கார்ந்திருக்கும், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். எதற்கு எது பொருத்தம் என்று பார்த்து ஜோடி சேர்க்க வேண்டும். குரங்குகள் பெருகிவிட்டால் சுற்றுலாக்காரர்கள் தொல்லை தாங்காமல் வருவதை நிறுத்துவார்கள். முதல் தடவை ஆடும்போது என்ன கிறுக்குத்தனம் இது என்றுதான் நினைத்தேன். இரண்டாம் தடவைதான் உறைத்தது. தன் அப்பாவின் பயணம் வந்து முடிந்த, தானும் உயிரைக் கொடுக்க வந்த இடத்தைக் காட்சிப்பொருள் ஆக்காதீர்கள் என்று அவள் கேட்கிறாள். கேட்கிற விதம் குரங்குக் கல்யாணம். மிஷன் எழுதுகிறவனாக எனக்கு இதில் பொறாமை உண்டு.

இதையே மனதில் வைத்து, உங்களை விரட்டிய அந்த மேடைக் காட்சியை யோசித்துப் பாருங்கள். டென்னில் யூனாவுக்கு 17 வயது. சிறு வயதிலேயே அப்பா ஊருக்காக உயிரை விட்டுவிட்டார், தானும் அதையே செய்யப் போகிறோம் என்ற முடிவோடு வளர்ந்தவள். சிரிப்பதைக்கூட ஒரு கடமையாகப் பழகிக்கொண்டவள். அந்தச் சாவு வரவில்லை. இரண்டு வருடம் கழித்து அவளுக்கு 19. இப்படி ஒரு பெண் என்ன செய்வாள்? முடியை வெட்டிக்கொள்வாள், துப்பாக்கி எடுப்பாள், தோழிகளோடு ஊர் சுற்றுவாள், கண்ட உடையைப் போட்டுப் பார்ப்பாள். இதை என் வாசிப்பாகத்தான் சொல்கிறேன். குட்டை உடை போட்டால் விற்கும் என்ற கணக்கும் கூடவே ஓடியிருக்கும், அதை மறுக்க நான் அப்பாவி இல்லை. லெப்லான் என்ற எதிரியின் முதுகைப் பிடித்துவிடும் ஒரு மினி-ஆட்டம் இரண்டாம் அத்தியாயத்தில் வரும். அதற்கு எந்த வாசிப்பும் கைகொடுக்காது. வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போது அதை ஆடாதீர்கள், அவ்வளவுதான் சொல்வேன். ஆனால் ஆட்டம் நெடுக யூனா அவ்வப்போது மனதுக்குள் டீடஸிடம் பேசிக்கொண்டே இருக்கிறாள். ‘இன்று இது நடந்தது’ என்று கடிதம் எழுதுவது மாதிரி. டென்னில் அவன் கதை சொன்னான், இதில் அவள் சொல்கிறாள். அந்தக் குரல் வரும்போதெல்லாம் அது அதே யூனாதான்.

துக்கம் எங்கேயும் போய்விடவில்லை என்பதற்கு இரண்டு இடம் சொல்கிறேன். மக்கலேனியா காட்டில் ஒரு குளம் உண்டு, உங்களுக்குத் தெரியும் எந்தக் குளம் என்று. அந்தக் காடு இதில் மெல்லச் செத்துக்கொண்டிருக்கிறது. ஃபெய்த்கள் (அழைப்பாளர்களுக்குச் சக்தி தந்த ஆவிகள்) போய்விட்டதால் காட்டைத் தாங்கிய சக்தி போய்விட்டது. அதாவது சின்னை ஒழித்ததற்கான விலை அது, கொடுத்தது யூனா. ஆட்டம் இதை இரண்டு மூன்று வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். இன்னொன்று, இரண்டாம் அத்தியாயத்தின் முடிவில் பெவெல்லுக்கு அடியில் பஹமூட் என்ற ராட்சத டிராகனோடு சண்டை போட வேண்டும். டென்னில் அதை அழைத்தது நீங்கள், பெயர்கூட வைத்திருப்பீர்கள். இங்கே அது எதிரியாக நிற்கிறது. அந்தச் சண்டையில் தோற்பேனோ என்ற பயத்தைவிட அடிக்கவே கை வராத தயக்கம்தான் எனக்கு அதிகம் இருந்தது.

சண்டை முறையைச் சொல்லாமல் விட்டால் நான் இந்தத் தொழிலில் இருந்து பிரயோஜனமில்லை. டென்னில் நீங்கள் யோசித்து முடிக்கும் வரை உலகமே நிற்கும். டென்-டூவில் நிற்காது. ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டை நிரம்பும், நிரம்பியதும் அடிக்கலாம், எதிரிக்கும் அதே கணக்கு. நான்காவது ஃபைனல் ஃபேன்டஸியில், 1991இல் வந்த பழைய முறைதான் இது. ஆனால் இங்கே வேகம் கூட்டியிருக்கிறார்கள். ஒருவர் அடித்த கையோடு அடுத்தவர் அடித்தால் சங்கிலி சேர்ந்து சேதம் ஏறும். இதற்கு மேல் கார்மென்ட் கிரிட். ஒரு தகட்டில் குழிகள் இருக்கும், குழிகளில் உடைகளைப் பதித்துக்கொள்ளலாம், சண்டையின் நடுவிலேயே பக்கத்துக் குழிக்குத் தாவி வேறு தொழிலுக்கு மாறலாம். ஒரு பக்கம் வெள்ளை மந்திரக்காரியாக இருந்து காயம் ஆற்றிவிட்டு, மறு கணம் சாமுராயாகி வெட்டலாம். போகிற வழியில் குழிகளுக்கு நடுவே உள்ள வாசலைத் தாண்டினால் அந்தச் சண்டைக்கு மட்டும் கூடுதல் சக்தி கிடைக்கும். ஐந்தாவது பாகத்தின் தொழில் மாற்றும் முறையையும் நான்காவது பாகத்தின் பட்டையையும் எடுத்துப் பிசைந்த மாதிரி இருக்கும். சண்டை மட்டும் என்று கேட்டால் தொடர் முழுவதிலும் எனக்குப் பிடித்த முதல் மூன்றில் இதை வைப்பேன். டென்னைவிட மேலா என்று கேட்டால் ஆமாம் என்பேன். டென்னின் ரசிகர்கள் என்னை அடிக்க வருவார்கள், வரட்டும். டென்னில் எந்த எதிரிக்கு யார் என்பது முன்பே எழுதி வைத்த கணக்கு. பறக்கிறதா, வாக்காவை இறக்கு. கவசம் போட்டிருக்கிறதா, ஆரானை இறக்கு. இங்கே மூன்று பேர்தான், மூவரையும் நீங்கள்தான் யாராக்குவது என்று முடிவு செய்கிறீர்கள்.

குறைகளுக்கு வருவோம், கொஞ்சம் நிறையவே இருக்கிறது. பெரிய கதை பலவீனமானது. ஆயிரம் வருடம் முந்தைய போர், வெக்னகன் என்ற ராட்சத எந்திரம், ஷுயின், லென் என்று ஒரு காதல் சோகம். டீடஸுக்கும் ஷுயினுக்கும் ஏன் ஒரே முகம் என்பதற்கு ஆட்டம் நேரான பதில் தருவதில்லை. ரசிகர்கள் சொல்லும் விளக்கங்களில் ஒன்றிரண்டு நன்றாகவே பொருந்துகின்றன, ஆனால் அவை ரசிகர்களுடையவை. வெக்னகன் எனக்கு ஒருபோதும் சின் தந்த பயத்தைத் தந்ததில்லை. சின் ஒவ்வொரு கரையோர ஊரிலும் ஒரு சாவு வீட்டை விட்டுச் சென்றிருந்தது. வெக்னகன் யாருடைய வீட்டுக்கும் வந்ததில்லை. பெயின், நூஜ், பரலாய், கிப்பல் நால்வரின் பழைய நட்பும் துரோகமும் இதைவிட நல்ல கதை. ஆனால் அதன் துண்டுகளைக் கோளம் கோளமாகத் தேடிப் பொறுக்க வேண்டும், பொறுக்காதவர்களுக்குப் பாதி புரியாது. நான்காம் அத்தியாயம் பெரும்பகுதி வான்கப்பலில் உட்கார்ந்து தொலைக் கோளங்களில் ஊர்களை எட்டிப் பார்ப்பதிலேயே போய்விடும். கடைசியில் இடிச் சமவெளியில் வரும் கச்சேரி அந்த அலுப்பைப் போக்குகிறது, அதுவும் முழுதாக இல்லை.

இவற்றையெல்லாம்விட எனக்குக் கோபம் வருவது அந்தச் சதவீதக் கணக்கின் மேல்தான். ஆட்டம் நீங்கள் பார்த்த ஒவ்வொரு சின்னக் காட்சிக்கும் ஒரு துளிச் சதவீதம் போட்டு வைக்கிறது. 100 தொட்டால்தான் கடைசியில் ஒரு கூடுதல் காட்சி. கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் எதற்கு எவ்வளவு என்று எங்கேயும் சொல்வதில்லை. மேச்சென் என்ற கிழவர் ஞாபகம் இருக்கிறாரா, கல்யாண வீட்டில் ஓரமாகப் பிடித்து உட்கார வைத்து வம்சாவளி சொல்லும் பெரியப்பா மாதிரி? டென்னில் அவர் பேச்சை நடுவில் வெட்டினால் ஒன்றும் ஆகாது. இங்கே வெட்டினால் சதவீதம் போய்விடும். காட்சியை ஸ்கிப் செய்தாலும் போகலாம். கிடைத்த கோளத்தை எந்தக் கட்சிக்குக் கொடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தும் மாறும். விளைவு என்னவென்றால், சுதந்திரமாகச் சுற்றச் சொல்லிவிட்டு, கையில் கைடு புத்தகம் வைத்துக்கொண்டு வரிக்கு வரி ஆடுபவருக்குத்தான் பரிசு. இதை ஒரு ஜூனியர் என்னிடம் வடிவமாகக் கொண்டுவந்தால் திருப்பி அனுப்புவேன். நானே கைடு இல்லாமல் 100 எடுத்ததில்லை. முதல் தடவை எனக்கு வந்தது 74. நல்லவேளையாக, முடித்துவிட்டு மறுபடி தொடங்கினால் சேர்த்த சதவீதம் கூடவே வரும். இரண்டாம் ஆட்டத்தில் விட்ட இடங்களை மட்டும் எட்டிப் பார்த்தால் போதும்.

சரி, உள்ளே இருந்த கேள்வி. டென்-டூவுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முடிவுகள் உண்டு. டீடஸ் வருவதும் வராததும் நீங்கள் எப்படி ஆடுகிறீர்கள் என்பதையும், கடைசியில் ஒரு கேள்விக்கு என்ன பதில் தருகிறீர்கள் என்பதையும் பொறுத்தது. முக்கியமான செய்தி இதுதான். அவன் வராத முடிவும் ஒரு முழு முடிவு, தோல்வி இல்லை. அதில் யூனா எங்கே நிற்கிறாள் என்பதைப் பார்த்தால், இந்தக் கதை அவனைத் தேடித் தொடங்கி வேறு ஏதோ ஒன்றில் வந்து நிற்பது தெரியும். எனக்குப் பிடித்தது அந்த முடிவுதான். என் தங்கை இதற்கு நேர் எதிர். அவன் வரவில்லை என்றால் 40 மணி நேரம் எதற்கு ஆடினேன் என்று கேட்டாள், அதற்கும் என்னிடம் பதில் இல்லை. டென்னின் பிரிவு இதனால் மலிந்துவிடுகிறதா என்றால், அதை வடிவமைப்புத் தெரிந்தவன் தீர்ப்புச் சொல்ல முடியாது. அது அழுதவர் விஷயம். எனக்கு மலியவில்லை. ஏனென்றால் டென்-டூ முழுக்க அந்தப் பிரிவை நடந்ததாகவே எடுத்துக்கொள்கிறது. அவன் போனதை யாரும் லேசாகப் பேசுவதில்லை.

அதனால் என் யோசனை, இப்போது ஆடாதீர்கள். மூடிவைத்தது நல்லதுதான். ஸ்பைராவில் இரண்டு வருடம் கழிகிறது, உங்களுக்கு இரண்டு மாதமாவது கழியட்டும். அதற்குள் அந்தக் கடைசிக் காட்சியின் சூடு ஆறிவிடும். பிறகு திறக்கும்போது முதலில் ரீமாஸ்டர் தொகுப்பிலேயே இருக்கும் அந்தச் சிறிய வீடியோவைப் பாருங்கள். பெசெய்டில் மூச்சடக்கிக்கொண்டிருக்கும் யூனாவைப் பார்த்துவிட்டுப் போனால் மேடைக் காட்சி அந்நியமாகத் தெரியாது. மேடைக் காட்சியையும் முடியும் வரை பொறுங்கள். நீங்கள் பார்ப்பது நீங்கள் நினைப்பது இல்லை, இதற்கு மேல் சொன்னால் கெடுத்துவிடுவேன். முதல் ஆட்டத்தில் சதவீதத்தைத் திரும்பிக்கூடப் பார்க்க வேண்டாம். மனதுக்குப் பட்ட கட்சிக்குக் கோளத்தைக் கொடுங்கள், பிடித்த ஊருக்குப் போங்கள், பிடிக்காத மிஷனை விட்டுவிடுங்கள்.

எந்தப் பதிப்பு என்றும் கேட்டிருந்தீர்கள். ரீமாஸ்டர் ஜப்பானில் 2013 டிசம்பரில் பிளேஸ்டேஷன் 3க்கும் வீட்டாவுக்கும் வந்தது, கணினிக்கு 2016இல், ஸ்விட்சுக்கு 2019இல். எதிலும் கதை ஒன்றுதான். எல்லாமே முன்பு ஜப்பானில் மட்டும் வந்த சர்வதேசப் பதிப்பை அடிப்படையாகக் கொண்டவை, ஆகவே இரண்டு கூடுதல் உடைகளும் அசுரர்களைப் பிடித்து வளர்க்கும் பகுதியும் இருக்கும். அசுரர்களைப் பிடிக்கும் பகுதியை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, பிடித்தால் நேரத்தை விழுங்கும். ‘லாஸ்ட் மிஷன்’ என்று தனியாக ஒரு கோபுரம் ஏறும் ஆட்டமும் உண்டு, கட்டம் கட்டமாக நகரும் வகை. அது எல்லாம் முடிந்த பிறகு நடக்கும் கதை என்பதால் முதலில் தொடாதீர்கள். ரீமாஸ்டரில் பெயர்ப்பட்டியலோடு புதிதாக ஒரு ஒலி நாடகம் சேர்த்திருக்கிறார்கள், அதையும் இப்போதைக்குக் கேட்க வேண்டாம். டென்-டூ கட்டி முடித்த பல விஷயங்களை அது மறுபடி அவிழ்த்துப் போடுகிறது.

கணினியில் ஆடுவதாக இருந்தால் வேகத்தைக் கூட்டும் வசதி உண்டு. நடக்கும்போது பயன்படுத்துங்கள், சண்டையில் வேண்டாம், அது ஏற்கெனவே வேகம்தான். செட்டிங்ஸில் சண்டை முறையை முதலில் ‘வெயிட்’ என்று வைத்துக்கொள்ளுங்கள், பட்டியலைத் திறந்து தேடும்போது கடிகாரம் நிற்கும். பத்துப் பதினைந்து சண்டை கழித்துக் கை பழகியதும் ‘ஆக்டிவ்’ போடலாம். உடை மாறும் அனிமேஷனையும் அங்கேயே சுருக்கலாம். மூவரில் ஒருவரையாவது சீக்கிரமே ‘டார்க் நைட்’ ஆக்கிவிடுங்கள். எல்லா எதிரிகளையும் ஒரே வீச்சில் அடிக்கும், ஆனால் தன் உயிரிலிருந்து கொடுத்துத்தான் அடிக்கும், அதனால் பக்கத்தில் காயம் ஆற்ற ஒருத்தி வேண்டும். எனக்கு எப்போதும் அது பெயின்தான்.